ரத்தம் அண்ணனுடையது

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையணை உறைகளைக் கழற்றித் துவைக்கப் போடுவது அண்ணியின் வேலை. அந்த வீட்டில் மூன்று தலையணைகள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற புருஷனுடையதில் கிரீஸ் வாசனை இருக்கும். அவன் எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் படுத்தாலும் அது போகாது. அவளுடையதில் தலைவலித் தைலம். நாத்தனாருடையது மட்டும் துவைக்கத் தேவையே இல்லாத மாதிரி இருக்கும். சின்ன உடம்பு, போட்ட இடத்தில் அப்படியே கிடந்து தூங்குகிறவள்.

அந்த உறையில்தான் ஒரு பழுப்புக் கறை. போன வாரமும் இருந்தது. தேநீர் சிந்தியிருக்கும் என்று அண்ணி கசக்கிப் போட்டிருந்தாள். இப்போது ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். தேநீர் இல்லை.

"ஏய் குண்டூசி, இங்க வா."

"என்ன அண்ணி?"

"இது என்ன?"

"எச்சில். தூங்கும்போதும் வாய் திறந்துக்குது. பகல் பூரா திறந்து வெச்சது பத்தலபோல."

"எச்சில் இந்தக் கலர்லயா வரும்?"

"ஊசி குத்தியிருக்கும் அண்ணி. புதுசா என்ன?"

"வாயைத் திற, பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை என் வாய்க்கு லீவு" என்று சொல்லிவிட்டு அவள் பல் துலக்கப் போய்விட்டாள். அண்ணி அந்த உறையை மட்டும் தனியாக எடுத்து, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் பிடித்துக்கொள்ளும்.

குண்டூசி என்பது கடையில் வைத்த பெயர். அது வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆளைப் பார்த்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். முப்பத்தைந்தைத் தாண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளை உயரம். பேச்சு குத்தும். வேலை நேரத்தில் கீழ் உதட்டின் இடது ஓரத்தில் ஒரு வரிசைக் குண்டூசிகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கடை, திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிற கடை. முன்னால் துணி மாதிரிகள் தொங்கும். பின்னால் நீளமான ஒரு மேஜை. அந்த மேஜைக்கு எட்டுவதற்காக அவளுக்கென்று ஒரு மரப்பெட்டி கவிழ்த்துப் போட்டிருக்கும். அதன்மேல் ஏறி நின்று திரைச்சீலைகளுக்கு மடிப்பு வைப்பாள். இடது கையில் அவளுக்குக் கட்டைவிரல் கிடையாது, பிறவியிலேயே. வலது கையில் இருப்பதும் சுண்டுவிரல் அளவுதான். அதனால் மடிப்பைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஊசி எடுக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். அதற்குத்தான் வாய். தலையைச் சற்றுக் குனிந்தால் போதும், உதட்டிலிருந்து ஊசி நேராக மடிப்புக்குள் இறங்கிவிடும். அவள் வைக்கிற மடிப்பு எல்லாம் ஒரே அகலம். கடைக்காரர் அளவு நாடா வைத்துச் சரிபார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

ஊசிகளை வைத்துக்கொண்டே பேசவும் செய்வாள். பல்லிடுக்கு வழியாக வரும் அந்தப் பேச்சு கடைக்குப் பழகிப்போனது.

"வாயில பூட்டு போட்டே இந்தப் பேச்சு பேசற. சாவி கிடைச்சா என்ன ஆகறது?" என்பார் கட்டிங் மாஸ்டர்.

"நீங்க வெட்டற அளவைப் பாத்தா பூட்டு தானா திறந்துக்குது மாஸ்டர். ஜன்னலுக்குத் திரை கேட்டாங்களா, கோவணம் கேட்டாங்களா?"

மாஸ்டர் சிரிப்பார். வாயாடி என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால் கடை காது கேளாத மாதிரி ஆகிவிடும்.

பிறக்கும்போது அவளிடம் குறைந்தது கட்டைவிரல் மட்டும்தான் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில், தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. மூக்கில் ரத்தம் வந்தால் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜை வற்றிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். பரம்பரையாக வருவது, லட்சத்தில் ஒருவருக்கு வருவது. அப்பாவிடம் பாதி இருந்தது, அம்மாவிடம் பாதி. பாதியாக இருந்தவரை யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பாதியும் ஒருத்தியிடம் வந்து சேர்ந்ததுதான் வினை. அந்த வியாதியின் பெயரில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயர் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது நாக்கில் நிற்கவில்லை. 'ரத்த வியாதி' என்றே சொன்னார்கள்.

அண்ணனுடைய மஜ்ஜை அவளுக்குப் பொருந்தியது. அப்போது அவனுக்கு மீசை அரும்புகிற வயது. இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். அதை அவளுக்குள் ஏற்றினார்கள். அவள் முடி கொட்டி, வாயெல்லாம் வெந்து, கண்ணாடி அறைக்குள் கிடந்து மீண்டாள். புது ரத்தம் ஊறத் தொடங்கியது. அவளுடைய ரத்த குரூப்பே மாறி அண்ணனுடைய குரூப் ஆயிற்று. அவன் பள்ளிக்கூடத்தில் தேவைக்கு அதிகமாக நொண்டி நடந்து எல்லாருக்கும் கதை சொன்னான்.

அந்தக் கதையை அவன் நிறுத்தவே இல்லை. சொல்லிச் சொல்லி அது அந்த வீட்டின் பேச்சாகவே ஆகிவிட்டது. அவள் எதிர்த்துப் பேசினால், "உன் உடம்புல ஓடறது என் ரத்தம்டி" என்பான். "அதனாலதான் இவ்வளவு கோவம் வருது, திருப்பி எடுத்துக்கோ" என்பாள். அவன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த புதிதில் அண்ணிக்கு இது விளங்கவில்லை. விளங்கியபின், "ஒரே ரத்தத்துக்கு ரெண்டு தட்டு வெச்சுச் சோறு போடறேன்" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் தங்கிவிட்டதை யாரும் கேள்வி கேட்கவில்லை. குண்டூசிக்குக் கல்யாணம் பேசி வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டு, தேநீரை முடித்துவிட்டு எழுந்தார்கள். "நல்ல வேளை, போற இடத்துல மாமியார் தப்பிச்சா" என்று அவளே முடித்துவிட்டாள்.

வருஷத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியின் ரத்தப் பிரிவுக்கு அவளைக் கூட்டிப் போவது அண்ணன். வேறு எதற்கும் லீவு போடாதவன், அதற்குப் போடுவான். இஸ்திரி போட்ட சட்டையோடு போவான். ரத்த டாக்டர் வயதானவர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதமா இருக்கு" என்பார்.

"என்னுது மாதிரியே இருக்கா சார்?"

"உங்களுதுதானே!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் வருகிறான் என்று குண்டூசி கேலி செய்வாள். உண்மையும் அதுதான்.

அவர்கள் எழுந்திருக்கும்போது டாக்டர் ஒவ்வொரு தடவையும் இன்னொன்றும் சொல்வார். "வாயையும் காட்டிட்டு இருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, வாய்ப் பிரிவுல. பெண்கள் பிரிவுலயும் ஒரு தடவை பாத்துக்கணும். ரத்தம்தான் மாறியிருக்கு, வியாதி உடம்பை விட்டுப் போகல. இந்த வியாதி இருக்கறவங்களுக்கு வாயில கட்டி கிட்டி வர்றது அதிகம். சின்ன வயசுலயே வரும்."

பஸ் நிற்கும்போது 'பாத்து எறங்குங்க' என்று கண்டக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி அதைக் கேட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை போகவும் போனார்கள். பாதி நாள் பெஞ்சில் காத்திருந்தார்கள். பயிற்சி டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு, பல்லை நல்லாத் தேய்ங்க" என்று அனுப்பிவிட்டார்.

"இதுக்கா ஒரு நாள் லீவு?" என்றான் அண்ணன்.

மறு வருஷம் ரத்த டாக்டர் மறுபடி சொன்னபோது, "நல்ல ரத்தம் ஓடற இடத்துல கெட்டது எப்படி சார் வரும்?" என்று கேட்டான். டாக்டர் விளக்க ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். "அங்கெல்லாம் இனி வேண்டாம்" என்றான் அண்ணன், வெளியே வந்ததும்.

குண்டூசிக்கும் அது தோதாக இருந்தது. சின்ன வயதில் ஊரெல்லாம் பார்த்துப் பரிதாபப்பட்ட உடம்பு அது. அண்ணன் ரத்தம் வந்து அதையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டது. இனி மறுபடியும் ஒருத்தர் முன்னால் போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், 'நான் இன்னும் நோயாளிதான்' என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி. அவள் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அண்ணன் 'வேண்டாம்' என்றது அவளுக்கு நிம்மதி.

கறையைப் பார்த்ததிலிருந்து அண்ணி கவனிக்க ஆரம்பித்தாள். குண்டூசி ஒரு பக்கமாகவே மென்றாள். காரத்தை ஒதுக்கினாள். தேநீர் ஆறும்வரை காத்திருந்தாள், ஆறின தேநீரைக் கண்டாலே திட்டுகிறவள். ஒரு சாயங்காலம் அண்ணி அவளைச் சமையலறை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்து, டார்ச்சை எடுத்தாள். "நீட்டு" என்றாள்.

"எவ்வளவு நீளம் வேணும்? ஏற்கனவே நீளம்னு பேர் எடுத்தது."

"நீட்டுடி."

நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசுகிற இடத்தில், சுண்ணாம்பு பட்ட மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புண். புண்ணின் விளிம்பு தடித்திருந்தது. அண்ணி டார்ச்சை அணைத்தாள்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஊசி வெச்சிருக்கற வாயில எந்தப் புண்ணு எப்ப வந்ததுன்னு எப்படிச் சொல்ல? ஒண்ணு போனா ஒண்ணு."

அது பொய் இல்லை. குத்துவதும் கீறுவதும் ஆறுவதுமாக அந்த வாய்க்கு அதுதான் வழக்கம். இருபது வருஷமாக எல்லாப் புண்ணுக்கும் ஒரே காரணம் இருந்தது. அதனால் இந்தப் புண்ணுக்கும் அதுவே காரணம் ஆயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணி விஷயத்தை எடுத்தாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உடம்பு சூடு. தண்ணியே குடிக்க மாட்டேங்கறா."

"சூட்டுப் புண்ணு இப்படித் தடிச்சு இருக்காதுங்க. அந்த வாய்ப் பிரிவுல காட்டினா என்ன?"

"காட்டலாம். முதல்ல ரத்தத்தைப் பாத்துடுவோம். உள்ள கோளாறு இருந்தா ரத்தத்துல தெரியாம இருக்குமா?"

மறுநாளே கூட்டிப் போனான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. ரிப்போர்ட் வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படித்தான். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, எல்லாம் சரி. "பாத்துக்கோ" என்று மனைவியிடம் நீட்டினான். "ஒரு குத்தம் சொல்ல முடியாது."

குண்டூசி அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தாள். "எங்க அண்ணன் ரத்தம் அண்ணி. ஊசி என்னைக் குத்தினா ஊசிக்குத்தான் ஆபத்து."

அண்ணியும் சிரித்தாள். எழுத்தில் இருப்பதை எதிர்த்து அவளால் என்ன சொல்ல முடியும்?

புண் ஆறட்டும் என்று கொஞ்ச நாள் ஊசிகளை வாயில் வைக்காமல் மணிக்கட்டில் ஒரு பஞ்சுப்பொதி கட்டிக் குத்திவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் மடிப்பை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. மடிப்புகள் கலைந்தன. ஒரு விடுதியின் எல்லா அறைகளுக்கும் திரை தைக்கிற வேலை வந்திருந்த நேரம். கடைக்காரர் பக்கத்தில் வந்து வந்து நின்றார். அவள் ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள், இந்தத் தடவை வலது பக்கம். அந்த வேலை முடியும்வரை அப்படியே ஓடியது. புண் ஆறவில்லை. காதுக்குள் குத்துகிற மாதிரி வலி வர ஆரம்பித்தது. அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டாள். தன் வாயைத் தானே கண்ணாடியில் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் கடைக்குள் நுழைந்ததும் மாஸ்டரிடம் ஏதோ சொன்னாள். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

அவள் மறுபடி சொன்னாள்.

"ஊசியை எடுத்துட்டுப் பேசு தாயி. வந்ததும் வராததுமா வாயில போட்டாச்சா?"

அவள் வாயில் ஊசி இல்லை. ஊசிப் பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை.

மாஸ்டருக்கும் அது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார்கள். அன்று முழுவதும் அவள் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நாளைக்கு என்கூட வர்றீங்களா? அவனுக்குச் சொல்ல வேண்டாம்."

"எங்கேன்னு நான் கேக்கல" என்றாள் அண்ணி. "காலையில சீக்கிரம் எழுப்பறேன்."

வாய்ப் பிரிவின் டாக்டர் ஒரு பெண். நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தாள். நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்தில், தாடைக்குக் கீழே, விரல்களால் தேடினாள். ஓரிடத்தில் விரல்கள் நின்றன. அந்த இடத்தை விட்டுப் போய்விட்டுத் திரும்பவும் அங்கேயே வந்தன. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து டாக்டர் பழைய கதையெல்லாம் கேட்டாள். "மஜ்ஜை மாத்தினதுக்கு அப்புறம் வாயை எத்தனை தடவை காட்டியிருக்கீங்க?"

"ஒரு தடவை."

டாக்டர் பேனாவை மூடினாள்.

"ரத்தமெல்லாம் நல்லா இருக்கு டாக்டர்" என்று அண்ணி அவசரமாகச் சொன்னாள். "இப்பக்கூட எடுத்தோம். எல்லாம் சரியா இருந்தது."

"சரியாத்தான்மா இருக்கும். அது இவங்க அண்ணனோட ரத்தம். அண்ணன் சௌக்கியமா இருக்கார்னு அது சொல்லுது. நாக்கு இவங்களோடது. நாக்கைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

டாக்டர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அண்ணிக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்ன பேச்சு. அதற்குள் இப்படி ஒரு அர்த்தம் இருந்தது மூன்று பேரில் ஒருவர் மனதிலும் படவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, நாக்கின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வருகிற அன்றைக்கு அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் லீவு போட்டான். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான்.

புற்றுநோய்தான். கழுத்துக்கும் இறங்கியிருந்தது. மற்றவர்களாக இருந்தால் கொஞ்சம் வெட்டிவிட்டு மிச்சத்துக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கலாம், மருந்து ஏற்றலாம் என்றாள் டாக்டர். இந்த வியாதி உள்ள உடம்பு அதைத் தாங்காது. வைத்தியமே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே கத்தியை மட்டும் நம்ப வேண்டும். கத்தியை மட்டும் நம்புகிறபோது தாராளமாக வெட்ட வேண்டும். நாக்கில் பாதிக்கு மேல் போகும். கையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள். அது நாக்கு மாதிரி இருக்கும், நாக்கு ஆகாது. பேச்சு தெளிவாக வராது. விழுங்கப் புதிதாகப் பழக வேண்டும். அதற்குப் பிறகும் வேறு இடத்தில் வரலாம். இனிமேல் வாயைக் காட்டாமல் விடவே கூடாது.

"வெள்ளையா இருந்தப்பவே பாத்திருந்தா?" என்று குண்டூசி கேட்டாள்.

டாக்டர் சற்றுத் தயங்கினாள். "அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்திருக்கலாம்" என்றாள்.

அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "ரத்தத்துல ஒண்ணுமே இல்லையே டாக்டர்."

டாக்டர் பொறுமையாகத் திரும்பவும் விளக்கினாள். அவன் தலையாட்டினான்.

"மறுபடி மாத்தினா? என்கிட்டேயிருந்து இன்னும் எடுத்து?"

"அதுக்கு அவசியம் இல்லைங்க. ரத்தத்துல குறை இல்ல."

"அப்ப நாக்குல வைக்கிற சதையை என் கையிலேயிருந்து எடுத்துக்குங்க. என்னுது அவளுக்கு ஒத்துப்போகும். ஏற்கனவே ஒத்துப்போயிருக்கு."

"அவங்க கையிலேயிருந்தே எடுத்துடுவோம். உங்களுது தேவைப்படாது."

"வேற எதுவும் நான் குடுக்க வேண்டியதில்லையா?"

"கூட இருங்க. அது போதும்."

அவன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்தான். இத்தனை வருஷத்தில், அந்த ஆஸ்பத்திரியில் அவனிடமிருந்து ஒன்றும் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு குண்டூசி ஒரு முடிவுக்கு வந்தாள். "நாக்கு இருக்கும்போதே திட்ட வேண்டியவங்களையெல்லாம் திட்டித் தீத்துடறேன் அண்ணி. அப்புறம் பாக்கி வெச்சுட்டுப் போனாள்னு யாரும் சொல்லக்கூடாது."

ஏற்கனவே குழறிக்கொண்டிருந்த பேச்சுதான். ஆனாலும் விஷயம் எல்லாருக்கும் விளங்கியது. கட்டிங் மாஸ்டருக்கு முதலில் விழுந்தது. அவர் வெட்டிக் கெடுத்த துணிகளை வகைவாரியாகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டு, பாதியில் மூக்கைச் சிந்தப் போய்விட்டார். கடைக்காரருக்கு, பக்கத்தில் வந்து நின்று நின்றே மனுஷரைக் கொல்கிற வித்தைக்காக. மேல்வீட்டுக்காரிக்கு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்குவதற்காக. செத்துப்போன அப்பா அம்மாவுக்கும் கிடைத்தது: "ஆளுக்குப் பாதி வெச்சிருந்ததை அவங்க அவங்க கிட்டயே வெச்சிருக்கக் கூடாதா? சொத்தைத்தான் ஒழுங்கா பிரிக்கல, இதையாவது சேக்காம விட்டிருக்கலாம்."

அண்ணிக்கு வட்டியோடு விழுந்தது. "வாயில்லாப் பூச்சி. அன்னிக்கே என் தலையில ரெண்டு போட்டு இழுத்துட்டுப் போயிருக்கணும். சிரிச்சீங்க இல்ல? ரிப்போர்ட்டைப் பாத்துட்டு என்கூட சேந்து சிரிச்சீங்க இல்ல?"

"சிரிச்சேன்" என்றாள் அண்ணி.

"இனிமே சிரிங்க பாப்போம்."

அண்ணி அழுதாள். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கியது. திட்டு வாங்கியாயிற்று. கணக்கு நேராகிவிட்டது.

அண்ணன் தன் முறைக்குக் காத்திருந்தான். வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். அவள் எதிரிலேயே உட்கார்ந்தான். ஈரத் துண்டை அவள் கட்டில்மேல் போட்டான். அதற்கு முன்பெல்லாம் அந்தத் துண்டுக்காக வீடே அதிரும். அவள் எடுத்துக் கொடியில் போட்டாள். அவளுக்கு வைத்திருந்த பாலை எடுத்துக் குடித்துவிட்டு, "ஐயையோ, உன்னுதா?" என்றான்.

"பரவாயில்லண்ணா" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவனிடம் சொல்லாத வார்த்தை அது. அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்த் தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டில் காலி. காலையில் நர்ஸ் வந்து, சதை எடுக்கப்போகிற கையில் பேனாவால் கோடு போட்டாள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் தான் தயாராக இருப்பதாக அண்ணன் அவளிடம் சொன்னான். "ரத்த வங்கியிலேயிருந்து வந்தாச்சு, கவலைப்படாதீங்க" என்று அவள் நல்ல மாதிரியாகவே சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கக் கிளம்பினாள்.

அறையில் இரண்டு பேர் மட்டும். குண்டூசி பச்சை அங்கி போட்டுக்கொண்டு, கால் தரையில் எட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் காலிக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எல்லாரையும் திட்டின" என்றான். "மேல்வீட்டுக்காரியை விடல. செத்துப்போனவங்களை விடல. என்னை மட்டும் ஏன் விட்டுட்ட?"

அவள் அங்கியின் நாடாவைச் சரிசெய்தாள்.

"அந்த டாக்டர் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். உனக்கும்தான் காது இருந்தது, இல்லேங்கல. ஆனா கூட்டிட்டுப் போனவன் நான். வேண்டாம்னு சொன்னவனும் நான்." கட்டில் நுனிக்கு நகர்ந்தான். "நாலு வார்த்தை கேட்டுடு. எவ்வளவு கெட்ட வார்த்தையா இருந்தாலும் சரி. இப்பவே கேட்டுடு. ஏய், உன்னைத்தான். என் முகத்தைப் பாத்துத் திட்டிடுடி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. அவன் முன்னால் சாய்ந்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு சக்கரக் கட்டில் உள்ளே வந்தது. தள்ளி வந்த ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் அவள் பெயரைக் கேட்டான். சொன்னாள். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்டான்.

"இடது" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சிரமப்பட்டு, எழுத்துக்கு எழுத்து தெளிவாகச் சொன்னாள்.

தூக்கிவிட வந்தவர்களை வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, தானே ஏறிப் படுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள். அண்ணன் எழுந்து வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்தான். "ஒரு நிமிஷம்பா" என்றான் ஆட்களிடம். அவர்கள் நின்றார்கள். அவன் குனிந்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சுங்க" என்றான் ஒருவன். அண்ணன் கம்பியை விட்டான். வாசலில் கட்டில் ஒரு பக்கம் இடித்தது. பின்னுக்கு இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினார்கள். அவள் தலையைத் திருப்பவில்லை. கட்டில் வெளியே போயிற்று.